மெய்நிகர் கணினி முரண்டு பிடித்தால்: லினக்ஸில் கியூஎமு, கேவிஎம் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்த்தல்

லினக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி ஓட மறுத்தால் பலர் செய்யும் முதல் காரியம், அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. பெரும்பாலும் அது வீண் வேலை. கோளாறு அந்த மெய்நிகர் கணினிக்குள் இருப்பதே அரிது. அதைத் தாங்கி நிற்கும் அடுக்குகளில் ஒன்றில்தான் இருக்கும். எனவே 'என்ன பிழை' என்று கேட்கும் முன் 'இந்தப் பிழையைச் சொல்வது யார்' என்று கேட்க வேண்டும்.

அடியில் சிபியு இருக்கிறது. இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி என்ற வன்பொருள் வசதிகள் 2005, 2006 ஆண்டுகளில் வந்தன. அதற்கு மேல், லினக்ஸின் மையமான கர்னலின் பகுதியாக நின்று, அந்த வசதியை மெய்நிகர் கணினிகளுக்குத் திறந்துவிடும் கேவிஎம். 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பிலிருந்து கர்னலோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு மேல் கியூஎமு. ஃபாப்ரீஸ் பெலார்ட் 2003இல் வெளியிட்ட இந்த மென்பொருள்தான் வட்டு, பிணைய அட்டை, திரை என்று இல்லாத வன்பொருளை எல்லாம் இருப்பதாகக் காட்டுகிறது. அதன் மேல், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட். விர்ஷ் கட்டளையும் விர்ட்-மேனேஜர் ஜன்னலும் லிப்விர்ட்டிடம்தான் பேசுகின்றன. எல்லாவற்றுக்கும் உள்ளே, தான் நிஜக் கணினியில்தான் ஓடுகிறோம் என்ற நினைப்பில் ஒரு விண்டோஸோ டெபியனோ இருக்கும்.

ஒவ்வொரு அடுக்கும் தன் புலம்பலை வேறு வேறு இடத்தில் எழுதி வைக்கிறது. கர்னலின் பேச்சு 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையில் கிடைக்கும். லிப்விர்ட் வழியாக ஓடும் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் '/வார்/லாக்/லிப்விர்ட்/கியூஎமு' அடைவில் அதன் பெயரிலேயே ஒரு பதிவுக் கோப்பு இருக்கும். விர்ட்-மேனேஜர் காட்டும் பிழைச் சாளரத்தை விட அந்தக் கோப்பின் கடைசிச் சில வரிகள் பல மடங்கு பயனுள்ளவை. அதைத் திறக்காமல் இணையத்தில் தேட ஆரம்பிக்காதீர்கள்.

இங்கே வரும் கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். மெய்நிகர் கணினியைத் தாங்கும் உண்மையான கணினியைத் தாய்க் கணினி என்றும், அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினியை உள்கணினி என்றும் குறிப்பிடுகிறேன்.

ஓடுகிறது, ஆனால் பொறுக்க முடியாத மந்தம்

நிறுவல் திரை வருவதற்கே பல நிமிடங்கள் ஆகின்றன. உள்ளே ஒரு எழுத்தைத் தட்டினால் தயங்கித் தயங்கித் தோன்றுகிறது. தாய்க் கணினியின் விசிறியோ ஓயாமல் இரைகிறது. மூன்றும் சேர்ந்திருந்தால் முதல் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: கேவிஎம் பயன்பாட்டில் இல்லை. உள்ளே ஓடும் நிரலின் ஒவ்வொரு ஆணையையும் கியூஎமு மென்பொருளாலேயே மாற்றி எழுதி ஓட்டுகிறது. அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு டிசிஜி என்று பெயர்.

முனையத்திலிருந்து கியூஎமுவை நேரடியாக அழைத்து, முடுக்கம் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டால் அது வழக்கமாக டிசிஜியைத்தான் எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கையும் கிடையாது. பிழை வந்தால் தேடலாம். பிழையே இல்லாமல் மெதுவாக ஓடினால் மனிதர்கள் கணினியைப் பழித்துவிட்டுப் புது நினைவகம் வாங்கப் போய்விடுகிறார்கள்.

சோதிப்பது எளிது. கியூஎமு ஜன்னலில் கன்ட்ரோல், ஆல்ட், 2 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதன் மானிட்டர் திறக்கும். அங்கே 'இன்ஃபோ கேவிஎம்' என்று கேளுங்கள். இயக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். லிப்விர்ட் வழியாக ஓடுவதென்றால் 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கட்டளையோடு கணினியின் பெயரைக் கொடுத்து, முதல் வரியைப் பாருங்கள். வகை கேவிஎம் என்று இருந்தால் நல்லது. கியூஎமு என்று இருந்தால் டிசிஜிதான் ஓடுகிறது.

தீர்வு, கட்டளையில் '-ஆக்ஸெல் கேவிஎம்' சேர்ப்பது. கேவிஎம் இல்லாவிட்டால் டிசிஜிக்கு இறங்கிக்கொள்ளும்படி இரண்டையும் வரிசையாகக் கொடுக்கவும் வழி இருக்கிறது. பலருடைய துவக்க நிரல்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேவிஎம் கிடைக்காதபோது கியூஎமு உரக்கக் கத்திவிட்டு நின்றுவிடுவதே நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. கேவிஎம் ஒரே இனச் சிபியுவுக்கு மட்டுமே உதவும். ராஸ்பெரி பையிலோ வேறு ஆர்ம் கணினியிலோ இன்டெல் வகை விண்டோஸை ஓட்டினால் எவ்வளவு முயன்றாலும் டிசிஜிதான். ஆப்பிள் மேக்கிலும் இதே கதை: அங்கே கேவிஎம்முக்குப் பதில் எச்விஎஃப் என்ற முடுக்கம் இருக்கிறது; எம்1 முதலான சிப்புகளில் அது ஆர்ம் இயங்குதளங்களை வேகமாக ஓட்டும், இன்டெல் இயங்குதளங்களுக்குக் கைகொடுக்காது.

கேவிஎம் ஓடியும் விண்டோஸ் மட்டும் மந்தமாக இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். வட்டு ஐடிஇ வகையாக இருக்கிறதா? மெய்நிகர் கணினிகளுக்கென்றே வடிவமைத்த விர்ட்டியோ வகைக்கு மாற்றினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். எப்படி மாற்றுவது என்பதைக் கீழே சொல்கிறேன், அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். அடுத்தது, ஹைப்பர்-வி சலுகைகள். விண்டோஸ் தான் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த மெய்நிகர் மேடையில் இருப்பதாக நினைத்தால் நேரத்தைக் கேட்பது, பூட்டுக்குக் காத்திருப்பது போன்ற வேலைகளைச் சிக்கனமாகச் செய்யும். கேவிஎம் அந்த வேடத்தைப் போடக்கூடியது. 'எச்வி' என்று தொடங்கும் சிபியு விருப்பங்கள் இதற்காகத்தான்.

கேவிஎம் கிடைக்கவே இல்லை

கேவிஎம்மை அணுக முடியவில்லை என்று கியூஎமு சொல்லும்போது வரியின் கடைசிச் சொற்களைப் படியுங்கள். அங்கே மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

'நோ சச் ஃபைல்' என்று முடிந்தால் '/டெவ்/கேவிஎம்' என்ற கோப்பே இல்லை. 'எல்எஸ்மாட்' கட்டளையில் கேவிஎம், அதோடு கேவிஎம்_இன்டெல் அல்லது கேவிஎம்_ஏஎம்டி என்ற கர்னல் கூறுகள் (மாட்யூல்கள்) தெரிகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் 'மாட்ப்ரோப்' கொண்டு ஏற்றிப் பாருங்கள். ஏற மறுத்தால் உடனே டிமெசேஜ். 'டிசேபிள்டு பை பயாஸ்' என்று அங்கே எழுதியிருந்தால் கணினியை மறுதொடக்கம் செய்து பயாஸுக்குள் போக வேண்டியதுதான். இன்டெல் பலகைகளில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி பலகைகளில் எஸ்விஎம் மோட் என்றும் இருக்கும். ஏஎம்டி பலகைகளில் இது மிகை வேக அமைப்புகளுக்குள் ஒளிந்திருப்பது வழக்கம். ஏன் அங்கே வைத்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். மாற்றிய பின் சில கணினிகளை முழுவதுமாக அணைத்து ஏற்றினால்தான் அமைப்பு நிலைக்கும்.

'/ப்ராக்/சிபியுஇன்ஃபோ' கோப்பில் இன்டெல்லுக்கு 'விஎம்எக்ஸ்', ஏஎம்டிக்கு 'எஸ்விஎம்' என்ற கொடி இருக்க வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் பழைய கர்னல்களில் பயாஸ் அணைத்து வைத்திருந்தாலும் கொடி தெரியும். கொடியைக் கண்டு திருப்தி அடையாமல் டிமெசேஜையும் பாருங்கள்.

தாய்க் கணினியே வாடகைக்கு எடுத்த ஒரு மேகக் கணினி என்றால் கொடி தெரியாமல் போவது இயல்பு. மெய்நிகர் கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட, வெளியே இருப்பவர் அனுமதி தந்திருக்க வேண்டும். உங்கள் சொந்தக் கணினியிலேயே அடுக்கி ஓட்டுகிறீர்கள் என்றால் '/சிஸ்/மாட்யூல்/கேவிஎம்_இன்டெல்/பராமீட்டர்ஸ்/நெஸ்டட்' கோப்பைப் பாருங்கள். இன்டெல்லில் 4.20 கர்னலிலிருந்து இது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது; உள்கணினிக்கு '-சிபியு ஹோஸ்ட்' கொடுத்தால் கொடி உள்ளே போய்ச் சேரும்.

'பெர்மிஷன் டினைட்' என்று முடிந்தால் சிக்கல் சிறியது. அந்தக் கோப்பு பல வழங்கல்களில் 'கேவிஎம்' குழுவுக்குச் சொந்தம். அந்தக் குழுவில் உங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்த பின் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். புது முனையம் திறப்பது போதாது. 'ஐடி' கட்டளை உங்கள் குழுக்களைச் சொல்லும். அதில் கேவிஎம் வரும் வரை மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். சிலர் அவசரத்தில் கியூஎமுவையே ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, ஓட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு ஓடும். பிறகு ரூட்டுக்குச் சொந்தமான வட்டுக் கோப்புகளோடு இன்னொரு நாள் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்றால் சிபியுவின் அந்த வசதியை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார். பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸ். இந்தச் சண்டை 2024 இறுதியில் வந்த 6.12 கர்னலுக்குப் பின் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் கேவிஎம் கணினி ஒன்று தொடங்கும்போதுதான் கர்னல் வன்பொருளைக் கையில் எடுக்கும். இப்போது கூறு ஏறிய உடனேயே எடுத்துக்கொள்கிறது. அதனால் கேவிஎம்மைத் தொட்டே பார்க்காத ஒருவரின் விர்ச்சுவல்பாக்ஸ், கர்னலைப் புதுப்பித்த மறுநாள், விஎம்எக்ஸ் ரூட் மோட் என்ற பெயர் கொண்ட ஒரு பிழையோடு படுத்துவிடுகிறது. கேவிஎம் தேவையில்லை என்றால் 'மாட்ப்ரோப் -ஆர்' கொண்டு கேவிஎம்_இன்டெல்லை இறக்கிவிடுங்கள். இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றால் கர்னல் துவக்க வரியில் 'கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0' சேர்த்தால் பழைய நடத்தை திரும்பிவிடும்.

தொடங்கிய சில நொடிகளில் கர்னல் பீதி

உள்ளே இருக்கும் லினக்ஸ் 'இனிட்டைக் கொல்ல முயற்சி' என்ற பொருளில் ஒரு வரியை எழுதி உறைந்துவிடுகிறது. வன்பொருள் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கொஞ்சம் மேலே உருட்டிப் பாருங்கள். சிபியு 'எக்ஸ்86-64-வி2' வகையை ஆதரிக்கவில்லை என்று ஜிலிப்சி நூலகம் புலம்பியிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. கியூஎமு இயல்பாகக் காட்டும் 'கியூஎமு64' சிபியு மிகப் பழைய, எல்லாரோடும் ஒத்துப்போகும் ஒரு பொம்மை. 2022இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, அதன் வழிவந்த ராக்கி, அல்மா ஆகியவற்றின் 9ஆம் பதிப்புகள் எல்லாம் அதைவிடப் புதிய சிபியுவைக் கேட்கின்றன. 10ஆம் பதிப்பு வி3 வரை போய்விட்டது. '-சிபியு ஹோஸ்ட்' கொடுங்கள், விர்ட்-மேனேஜரில் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ. மாங்கோடிபி 5.0 போன்ற மென்பொருள்கள் ஏவிஎக்ஸ் என்ற சிபியு வசதி இல்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் சாவதும் இதனால்தான்.

அந்த வரி இல்லாமல், ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற பீதி என்றால் எவ்வளவு நினைவகம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். '-எம்' விருப்பத்தை விட்டுவிட்டால் கியூஎமு 128 எம்பி மட்டுமே கொடுக்கும். இன்றைய நிறுவல் வட்டு அந்த இடத்தில் தன் துவக்கக் கோப்பை விரிக்கக்கூட முடியாது.

கறுப்புத் திரை

முதலில், திரையே இல்லையா, திரை இருந்தும் கறுப்பா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலே திறக்காமல் முனையத்தில் 127.0.0.1:5900 என்று ஒரு வரி மட்டும் வந்தால் உங்கள் கியூஎமுவில் ஜன்னல் வரையும் பகுதி நிறுவப்படவில்லை. அது, தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் விஎன்சி வழியாகத் திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. ஏதாவது விஎன்சி நிரலால் அந்த முகவரிக்குப் போங்கள், அல்லது ஜிடிகே பொதியை நிறுவுங்கள்.

ஜன்னல் திறந்து, உள்கணினி இன்னும் திரையைத் தயார் செய்யவில்லை என்ற வாசகம் அப்படியே நின்றால், கணினியைத் துவக்கி வைக்கும் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். குறிப்பாக ஆர்ம் கணினிகளில் யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புதிய ஃபர்ம்வேர் முறை) கோப்பைக் கொடுக்காமல் தொடங்கினால் இதுதான் கிடைக்கும்.

'துவக்கக்கூடிய வட்டு இல்லை' என்றோ, யுஇஎஃப்ஐ ஷெல் என்ற மஞ்சள் எழுத்து முனையமோ வந்தால் பயாஸ் முறையில் நிறுவியதை யுஇஎஃப்ஐயில் தொடங்குகிறீர்கள், அல்லது நேர்மாறாக. வேறொரு கணினியிலிருந்து வட்டுக் கோப்பை மட்டும் நகலெடுத்து வந்தவர்கள் இங்கே அடிக்கடி மாட்டுவார்கள். யுஇஎஃப்ஐக்கான ஓவிஎம்எஃப் இரண்டு கோப்புகளாக வரும்: ஒன்று நிரல், இன்னொன்று துவக்க அமைப்புகளைச் சேமிக்கும் மாறிகள். இரண்டாவதை ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனித்தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றையே பகிர்ந்தால் ஒன்றின் துவக்கப் பட்டியலை இன்னொன்று மிதித்துவிடும்.

'-நோகிராஃபிக்' கொடுத்துவிட்டு எதுவுமே வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் லினக்ஸ் தொடர் துறையில் (சீரியல் போர்ட்) பேசக் கற்றுக்கொள்ளவில்லை. அதன் துவக்க வரியில் 'கன்சோல்=டிடிஒய்எஸ்0' சேருங்கள். வெளியே வர வழி தெரியாமல் முனையத்தையே மூடுபவர்களுக்கு: கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

நிறுவலில் வட்டு தெரியவில்லை. மாற்றினால் நீலத் திரை

விண்டோஸ் நிறுவல் வட்டுப் பட்டியலைக் காலியாகக் காட்டினால் கோளாறு எதுவுமில்லை. விர்ட்டியோ வட்டைப் பேச வைக்கும் டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை; அவ்வளவுதான். விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது குறுவட்டாக இணைத்து, டிரைவரை ஏற்று என்ற பொத்தானை அழுத்தி, 'வியோஸ்டார்' அடைவில் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கானதைத் தேர்ந்தெடுங்கள். வட்டு உடனே தோன்றும். வட்டு விர்ட்டியோ-ஸ்கஸி வகை என்றால் 'வியோஸ்கஸி' அடைவு. பிணைய அட்டைக்கு 'நெட்கேவிஎம்' அடைவையும் கையோடு ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் 11 நிறுவலின் நடுவில் இணையம் கேட்டு அடம்பிடிக்கும்போது அது உதவும். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று 11 மறுத்தால் எஸ்டபிள்யுடிபிஎம் என்ற பொதியை நிறுவி, மெய்நிகர் டிபிஎம் 2.0 ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே ஐடிஇ அல்லது சாட்டா வட்டில் ஓடும் விண்டோஸை விர்ட்டியோவுக்கு மாற்றும்போதுதான் விபரீதம். வகையை மாற்றித் தொடங்கியதும் 'துவக்க வட்டை அணுக முடியவில்லை' என்ற நீலத் திரை, 0எக்ஸ்7பி என்ற எண்ணோடு. டிரைவரை முன்கூட்டியே நிறுவி வைத்தாலும் இது வரும். விர்ட்டியோ வட்டு ஒன்றைக் கண்ணால் காணாதவரை விண்டோஸ் அந்த டிரைவரைத் துவக்கத்தின்போது ஏற்றுவதில்லை. அதற்கான வழி இது: பழைய வட்டை அப்படியே விட்டுவிட்டு, 1 ஜிபி அளவில் வெற்று விர்ட்டியோ வட்டு ஒன்றைக் கூடுதலாக இணையுங்கள். விண்டோஸைத் தொடங்கி, டிரைவரை நிறுவி, அந்தச் சின்ன வட்டு சாதன மேலாளரில் தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அணையுங்கள். இப்போது முதன்மை வட்டை விர்ட்டியோவாக மாற்றுங்கள். ஏறிவிடும். சின்ன வட்டைக் கழற்றி எறிந்துவிடலாம். மாற்றிவிட்டு நீலத் திரையில் நிற்பவர்களும் பதற வேண்டாம். வகையைப் பழையபடி சாட்டாவுக்குத் திருப்பினால் விண்டோஸ் எதுவும் நடக்காதது போல ஏறும்.

லினக்ஸில் இந்த மாற்றம் எளிது என்றாலும் இரண்டு கண்ணிகள் உண்டு. 'எஸ்டிஏ' என்று இருந்த வட்டு 'விடிஏ' ஆகிவிடும். எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயரை நேரடியாக எழுதியிருந்தால் ஏறாது. அடையாள எண்ணால் குறிப்பிட்டிருந்தால் கவலையில்லை. உண்மைக் கணினியிலிருந்து பெயர்த்து வந்த ஃபெடோரா, ரெட் ஹாட் வகைகளில் துவக்கக் கோப்பு அந்தக் கணினிக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே சுமந்திருக்கும். அவை, துவக்கக் கோப்பை உருவாக்கும் கருவியான டிராகட்டின் அவசர முனையத்தில் போய் நிற்கும். மீட்புத் துவக்கத்தில் ஏறி 'டிராகட் --ஃபோர்ஸ் --நோ-ஹோஸ்ட்ஒன்லி' ஓட்டினால் தீர்ந்தது.

ஓடிக்கொண்டிருந்தது உறைந்து நிற்கிறது

மவுஸ் அசையவில்லை, பிணையம் பதிலளிக்கவில்லை, ஆனால் பட்டியலில் கணினி இருக்கிறது. உடனே வலுக்கட்டாயமாக அணைத்துவிடாதீர்கள்! 'விர்ஷ் டோம்ஸ்டேட் --ரீசன்' என்று கேளுங்கள். உள்ளீட்டுப் பிழையால் இடைநிறுத்தம் என்று பதில் வந்தால் 'விர்ஷ் டோம்பிளக்எரர்' (domblkerror) எந்த வட்டு என்று சொல்லும். பெரும்பாலும் தாய்க் கணினியின் வட்டு நிரம்பியிருக்கும்.

கியூஎமு இங்கே மிகவும் கண்ணியமாக நடந்துகொள்கிறது. எழுத இடமில்லை என்றதும் உள்ளே இருப்பவருக்குப் பிழை காட்டி அதன் கோப்பு முறைமையைக் கலங்கடிக்காமல், மொத்தக் கணினியையும் அந்த நொடியிலேயே நிறுத்தி வைக்கிறது. நீங்கள் இடத்தைக் காலி செய்துவிட்டு 'விர்ஷ் ரெஸ்யூம்' சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அணைத்தீர்கள் என்றால் அந்தப் பாதுகாப்பை நீங்களே வீணடிக்கிறீர்கள்.

இடம் எப்படி நிரம்பியது? கியூகவ்2 வகை வட்டுக் கோப்பு தேவைக்கேற்ப வளரும். 100 ஜிபி என்று உருவாக்கினாலும் முதலில் சொற்ப இடம்தான் பிடிக்கும். உள்ளே எழுத எழுத வீங்கும். உள்ளே அழித்தாலோ இளைக்காது. 'கியூஎமு-இமேஜ் இன்ஃபோ' மெய்நிகர் அளவையும் உண்மை அளவையும் தனித்தனியாகக் காட்டும். இளைக்க வைக்க வேண்டுமென்றால் வட்டின் அமைப்பில் 'டிஸ்கார்ட்=அன்மேப்' என்று வைத்துவிட்டு, உள்ளே 'எஃப்எஸ்டிரிம் -ஏவி' ஓட்டுங்கள். விர்ட்டியோ-பிளாக் வட்டுகளில் இது 2019இல் வந்த கியூஎமு 4.0 முதல்தான் வேலை செய்யும்.

தாய்க் கணினியில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் நிரம்பாமலேயே மந்தமாகலாம். எழுதும்போதெல்லாம் புது இடத்தில் எழுதும் அதன் பழக்கம் பெரிய வட்டுக் கோப்புகளைத் துண்டு துண்டாக்கும். வட்டுக் கோப்புகளுக்குத் தனி அடைவு உருவாக்கி, காலியாக இருக்கும்போதே 'சிஹெச்ஆட்டர் +சி' போட்டுவிடுங்கள். இதில் சி பெரிய எழுத்து. பிறகு போட்டால் ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்குப் பலிக்காது.

எழுதும் பூட்டு கிடைக்கவில்லை

வட்டுக் கோப்பை வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கிறது. கியூஎமு 2.10இலிருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. அதற்கு முன் ஒரே வட்டை இரண்டு கணினிகள் திறந்து, இரண்டும் சேர்ந்து அதைச் சிதைத்த கதைகள் ஏராளம். பூட்டைத் தாண்டும் வழியைத் தேடாதீர்கள். 'எஃப்யூசர்' கட்டளையால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முந்தைய தடவை சரியாக மூடாத ஒரு கியூஎமு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் கணினியின் வட்டைப் பற்றித் தகவல் மட்டும் வேண்டுமென்றால் 'கியூஎமு-இமேஜ் இன்ஃபோ -யு' போதும். இதில் யு பெரிய எழுத்து. ஓடும்போது அளவை மாற்றுவது, பழுது பார்ப்பது எதையும் வெளியிலிருந்து செய்யக் கூடாது.

கணினியையே காணோம்

இரண்டு விதமாகக் காணாமல் போகும்.

ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இல்லை. பதிவுக் கோப்பில் கிராஷ்டு என்ற ஒரு சொல் மட்டும். 'ஜர்னல்சிடிஎல் -கே' எடுத்து, நினைவகம் தீர்ந்து கொல்லப்பட்ட நிரல்களைத் தேடுங்கள். தாய்க் கணினியில் நினைவகத் தட்டுப்பாடு வரும்போது கர்னல் பெரிய தீனிக்காரரைப் பார்த்துத்தான் அடிக்கும். அது பெரும்பாலும் கியூஎமு. 16 ஜிபி கணினியில் இரண்டு உள்கணினிகளுக்கு ஆளுக்கு 8 ஜிபி கொடுத்துவிட்டு உலாவியையும் திறந்து வைத்தால் வேறென்ன நடக்கும்?

இன்னொன்று வேடிக்கையானது. விர்ட்-மேனேஜரில் தெரியும் கணினி, முனையத்தில் 'விர்ஷ் லிஸ்ட் --ஆல்' போட்டால் பட்டியலில் இல்லை. அழிந்துவிடவில்லை. லிப்விர்ட்டுக்கு இரண்டு உலகங்கள்: கணினி முழுமைக்குமான 'சிஸ்டம்', பயனருக்கே உரிய 'செஷன்'. சாதாரணப் பயனராக விர்ஷை அழைத்தால் பல வழங்கல்களில் அது செஷனைப் பார்க்கும். விர்ட்-மேனேஜர் சிஸ்டத்தைப் பார்க்கும். 'விர்ஷ் -சி' விருப்பத்தோடு 'கியூஎமு:///சிஸ்டம்' என்று கேளுங்கள், எல்லாம் அங்கே இருக்கும்.

வீட்டு அடைவில் உள்ள ஐஎஸ்ஓவைத் திறக்க முடியவில்லை

கோப்பு உங்களுடையது, அனுமதி எல்லாம் சரி, ஆனாலும் லிப்விர்ட் மறுக்கிறது. லிப்விர்ட்டின் சிஸ்டம் உலகில் கியூஎமு உங்கள் பெயரில் ஓடுவதில்லை. டெபியன் வகைகளில் 'லிப்விர்ட்-கியூஎமு' என்ற பயனர், ஃபெடோரா வகைகளில் 'கியூஎமு' என்ற பயனர். உங்கள் வீட்டு அடைவுக்குள் அந்தப் பயனர் நுழையவே முடியாது, உபுண்டு 21.04 முதல் வீட்டு அடைவு மற்றவர்களுக்கு மூடியே உருவாகிறது. வீட்டைத் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனைகளை ஒதுக்கிவிட்டு, கோப்பை '/வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ்' அடைவுக்கு நகர்த்துங்கள். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஓடும் கணினியில் நகர்த்திய பின் 'ரெஸ்டோர்கான்' ஒருமுறை ஓட்டினால் முத்திரையும் சரியாகும். எஸ்இலினக்ஸையே அணைப்பது தீர்வு அல்ல. மெய்நிகர் கணினிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் காவலே அதுதான்.

பிணையம் இல்லை

உள்ளே போய் உங்களுக்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணே பாதி விடை.

10.0.2.15 என்றால் பயனர் முறைப் பிணையம். இதில் பிங் பெரும்பாலும் வேலை செய்யாது. பிங் போகவில்லை என்பதால் இணையமே இல்லை என்று முடிவு கட்டி மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு; 'கர்ல்' கொண்டு ஏதாவது ஒரு தளத்தைக் கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே வருவதற்குத்தான் வழி கிடையாது. எஸ்எஸ்ஹெச் வேண்டுமென்றால் 'ஹோஸ்ட்எஃப்டபிள்யுடி' (hostfwd) விருப்பத்தில் தாய்க் கணினியின் 2222 துறையை (போர்ட்) உள்ளே 22க்குத் திருப்புங்கள்.

192.168.122 என்று தொடங்கினால் லிப்விர்ட்டின் டிஃபால்ட் பிணையம். முகவரியே கிடைக்காமல், பிணையம் செயல்பாட்டில் இல்லை என்று தொடக்கத்திலேயே பிழை வந்தால் 'விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்', அடுத்து 'விர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட்'. மெய்நிகர் கணினிக்குள் லிப்விர்ட்டை நிறுவியவர்கள் உள்ளேயும் வெளியேயும் ஒரே 192.168.122 எண்களை வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பதை 123க்கு மாற்றினால் வழி பிறக்கும்.

முகவரி கிடைத்தும் வெளியே போக முடியவில்லை என்றால் எனது முதல் கேள்வி: அதே கணினியில், நிரல்களைப் பெட்டகங்களில் (கண்டெய்னர்) ஓட்டும் டாக்கர் இருக்கிறதா? டாக்கர் தொடங்கும்போது, கணினி வழியாகக் கடந்துபோகும் பொதிகளைக் கைவிடும்படி லினக்ஸின் தீச்சுவரான ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் கொள்கையை மாற்றுகிறது. தன் பெட்டகங்களுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்கிறது. லிப்விர்ட்டும் ஐபிடேபிள்ஸில் தன் விலக்கை எழுதிய காலத்தில் இருவரும் ஒரு மாதிரி சமாளித்தார்கள். 2024இல் வந்த லிப்விர்ட் 10.4, ஐபிடேபிள்ஸின் வாரிசான என்எஃப்டேபிள்ஸ் வழியைக் கொண்டுவந்தது. அங்கே ஒரு அட்டவணையில் அனுமதி பெற்ற பொதியை இன்னொரு அட்டவணை தடுக்க முடியும். டாக்கரின் தடை ஜெயித்துவிடுகிறது. '/இடிசி/லிப்விர்ட்/நெட்வொர்க்.கான்ஃப்' கோப்பில் ஃபயர்வால்_பேக்எண்ட் என்பதை ஐபிடேபிள்ஸ் என்று மாற்றி, லிப்விர்ட்டின் பிணையச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். நீங்களே உருவாக்கிய பிரிட்ஜில் (உள்கணினியை வெளிப் பிணையத்தோடு நேரடியாக இணைக்கும் பாலம்) இதே தொல்லை என்றால் 'டாக்கர்-யூசர்' சங்கிலியில் அந்தப் பிரிட்ஜுக்கு அனுமதி எழுதுங்கள்.

வைஃபையில் பிரிட்ஜ் போட முயன்று தோற்றவர்களுக்கு ஒரே வரி: அதை விட்டுவிடுங்கள். உங்கள் வைஃபை ரவுட்டர், தன்னிடம் இணைந்த அட்டையின் மேக் முகவரியில் (அட்டையின் வன்பொருள் அடையாள எண்) இருந்து வரும் தரவுச் சட்டகங்களை மட்டுமே ஏற்கும். உள்கணினியின் முகவரி அதற்கு அந்நியம். தாய்க் கணினியின் முகவரியிலேயே வெளியே போகும் நாட் பிணையம் போதும்.

மேக்விடேப் வகைப் பிணையம் போட்டவர்களுக்கு உள்கணினியிலிருந்து உலகமே தெரியும், தாய்க் கணினி மட்டும் தெரியாது. அது கோளாறு அல்ல, அதன் இயல்பு. இருவரும் பேச வேண்டுமென்றால் நாட் வகையில் இரண்டாவது அட்டை ஒன்றைச் சேருங்கள்.

ஒரே பிரிட்ஜில் இரண்டு கணினிகள், ஒன்றுக்குப் பிணையம் வந்தால் மற்றொன்றுக்குப் போகிறது என்றால் இரண்டின் மேக் முகவரியையும் பாருங்கள். கியூஎமுவை நேரடியாக அழைக்கும்போது முகவரி கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் 52:54:00:12:34:56தான். கடைசி மூன்று இலக்க ஜோடிகளை மாற்றிக் கொடுங்கள். லிப்விர்ட் தானாகவே வேறு வேறு எண் தந்துவிடும்.

அம்புக்குறி ஓரிடம், கை ஓரிடம்

கியூஎமு இயல்பாகக் காட்டுவது பழைய பிஎஸ்2 மவுஸ். அது நகர்ந்த தூரத்தை மட்டும் சொல்லும். 'யுஎஸ்பி-டேப்லெட்' சாதனத்தைச் சேர்த்தால் இடத்தையே சொல்லும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலுக்குள் மவுஸ் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், ஜி.

கடிகாரம் தவறாக ஓடுகிறது

விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், நீங்கள் இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கிறீர்கள், கியூஎமு உலகப் பொது நேரத்தை உள்ளே கொடுக்கிறது. லினக்ஸ் அதை எதிர்பார்க்கும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக நம்பும். '-ஆர்டிசி பேஸ்=லோக்கல்டைம்' கொடுங்கள். லிப்விர்ட்டில் கடிகாரத்தின் ஆஃப்செட்டை லோக்கல்டைம் என்று வையுங்கள்.

மடிக்கணினியை மூடித் திறந்த பின் மட்டும் உள்கணினியின் நேரம் பின்தங்கினால் அது வேறு கதை: தாய்க் கணினி தூங்கியபோது உள்ளே இருந்தவருக்கு அது தெரியாது. உள்ளே கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற உதவி நிரல் ஓடினால் 'விர்ஷ் டோம்டைம் --சிங்க்' சரிசெய்யும். ஏஜென்ட் இல்லாத லினக்ஸில் 'குரோனிசி மேக்ஸ்டெப்' கட்டளை அதே வேலையைச் செய்துவிடும்.